பிரிக்காத நாடா

குட்டி மரத்தைத் தொட்டியோடு தூக்கி அட்டைப்பெட்டிக்குள் வைக்கப் போன மருமகள் பாதியில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் தொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதுமே மாமியார் தைப்பதை நிறுத்தினாள். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளி முன்னால் முகம் மாறாமல் இருக்கப் பழகியவள். அந்த முகமே மாறுகிறதென்றால் விஷயம் சின்னதில்லை.

"அத்தை, நாடா உள்ள இறங்கிடுச்சு."

மாமியார் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். வீட்டின் முன்னறைதான் அவள் கடை. தெருவில் அவளுக்குக் கத்தரிக்கோல் அம்மா என்று பெயர். துணி வெட்டுவதால் வந்த பெயர் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் உண்மைக் காரணம் தெரியும்.

மரம் அவள் மகன் வளர்த்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் உயரமான கட்டடங்களில் ஏறி இறங்குகிறவனுக்கு வீட்டில் முழங்கை உயரத்துக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. மாடிப்படி வளைவில் பலகை அடித்து, தட்டையான தொட்டிகளில் அத்திக் கன்றுகளை நட்டு, கிளைக்குக் கம்பி சுற்றி, வேரைக் கத்தரித்துப் போன்சாய் ஆக்கிக்கொண்டிருந்தான். "பெத்த புள்ளைக்குச் சோறு போடாம வளக்குற மாதிரி இருக்குடா" என்பாள் அம்மா. "நீ அள்ளி அள்ளித்தான் போட்ட. நான் என்ன வளந்துட்டேன்?" என்பான். அவன் குட்டைதான்.

ஒரு மரம் மட்டும் அவனை ரொம்பப் படுத்தியது. அடிமரம் முறுக்கிக்கொண்டு அழகாக வந்துவிட்டது, ஆனால் இடப்பக்கம் மொட்டை. கிளை தானாக வரும் என்று காத்திருந்து பார்த்தான், வரவில்லை. கடைசியில் இன்னொரு அத்தியின் இளங்குச்சியைச் சீவி, அடிமரத்தில் கீறிய பிளவில் செருகி, மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கச் சுற்றினான். நாடாவின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தான். சின்ன வயதிலிருந்தே நூலானாலும் கயிறானாலும் அவனுக்குப் பல்தான். "வீடு முழுக்கக் கத்தரிக்கோல் எதுக்குடா கெடக்கு?" என்று அம்மா கத்துவதும் அப்போதிருந்தே நடப்பதுதான்.

"ஒட்டிக்கிச்சுன்னா இதப் பிரிச்சிடணும். விட்டா மரம் பெருத்துடும், நாடா கழுத்த நெரிச்சிடும்" என்று அம்மாவிடமும் மனைவியிடமும் சொன்னான். "ஆனா நீங்க யாரும் கை வைக்காதீங்க. நானே பிரிக்கிறேன்."

பிரிக்க அவன் இல்லை. ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நெஞ்சை அமுக்கி அமுக்கி அவன் மனைவி செய்தது எதுவும் பலிக்கவில்லை.

துக்கம் விசாரிக்க ஆள் வருவது நின்றுபோன சமயத்தில் அந்தக் குச்சி துளிர்விட்டது. முதலில் பார்த்தவள் மருமகள். மாமியாரின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். அதன்பிறகு காலையில் ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள், டியூட்டி முடிந்து வந்து இன்னொருத்தி இலைகளைத் துடைத்தாள். நாடாவை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. அதன் நுனியில் அவன் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

இப்போது மருமகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. போகச் சொன்னதே மாமியார்தான். "இந்த வயசுல என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா? போ. மரத்தையும் எடுத்துட்டுப் போ." சொல்லிவிட்டு அன்று முழுக்க ஒரு ரவிக்கையின் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துத் தைத்துப் பிரித்தாள்.

நாடா சுற்றியிருந்த இடத்தில் பட்டை இரு பக்கமும் புடைத்து நடுவில் மூடப் பார்த்தது. கிளையின் இலைகள் ஓரம் சுருண்டு தொங்கின.

"தெனமும் எத்தன பேருக்குத் தையல் பிரிக்கிற! இது உனக்குத் தெரியலையா?"

"தெரியும் அத்தை. நீங்க காலைல எழுந்ததும் அந்த நாடாவத் தொட்டுப் பாக்குறதப் பாத்திருக்கேன். பிரிச்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

"நான் உனக்காக விட்டேன்டி" என்றாள் மாமியார். திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் போனது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். மருமகள் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, இவள் பட்டைக்குள்ளிருந்து நாடாவைத் துணுக்குத் துணுக்காக நெம்பி எடுத்தாள். ஒவ்வொரு துணுக்குக்கும் வெள்ளைப் பால் கசிந்தது. பல் தடம் இருந்த நுனி முழுசாக வந்தது. "நீ வச்சுக்க" என்று மருமகள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இந்த நெலமைல பஸ்ல ஆட்டிக்கிட்டுப் போனா செத்துடும், அத்தை. இங்கயே இருக்கட்டும்."

"எனக்கு என்ன தெரியும் இதப்பத்தி?"

"கிளை நுனில நகத்தால லேசாக் கீறிப் பாருங்க. பட்டைக்குள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம்."

"பழுப்பா இருந்தா?"

"கொஞ்சம் கீழ கீறுங்க."

அதற்கும் கீழே பழுப்பாக இருந்தால் என்று மாமியார் கேட்கவில்லை. மருமகள் குனிந்து துணிப்பெட்டியின் ஜிப்பை இழுத்தாள்.

அவள் போன பிறகு அந்தக் கிளையின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மாமியார் நுனியில் கீறினாள், பழுப்பு. கொஞ்சம் கீழே கீறினாள், பச்சை. டியூட்டி முடிந்து மருமகள் போன் செய்தபோது "பச்சையாத்தான் இருக்கு கண்ணு" என்றாள். பொய்யில்லை. மறுநாள் பச்சையைப் பார்க்க இன்னும் கீழே இறங்க வேண்டியிருந்தது. அன்றும் அதையே சொன்னாள். எந்த இடத்தில் பச்சை என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கிளையே ஒரு விரல் நீளம்தான்.

இன்று கீறல் ஒட்டுப்போட்ட இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே அவன் கட்டியது எதுவும் இல்லை, பழைய மரம்தான். உள்ளே மெஷின் மேல் போன் அடித்தது. மாமியார் நகத்தை ஒட்டின் மேல் வைத்தபடி, அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.