சண்முகவடிவின் கத்திப்பிடி

சண்முகவடிவு புழங்கிய கத்திப்பிடி எந்த மரமானாலும் மூன்றாம் நாள் துளிர்த்துவிடும். 1934இலிருந்தே இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே இருக்கும் கல்லுருண்டைத் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு முந்திய வருசம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் அவள் வலக்கைப் பெருவிரலில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. கடையில் வாங்கிய கத்தி கைக்கு நிற்காமல் வழுக்கியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவள்தான் சமையல். ஆகவே, ஸ்டோரில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்குப் பிடி போடும் அவள் புருசன் பழனியாண்டி, அவள் கையைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, அந்தப் பள்ளம் மேட்டுக்குத் தக்கபடி கொய்யாக் கட்டையில் ஒரு பிடி செதுக்கிக் கொடுத்தான்.

கொய்யா துளிர்த்து, பூத்து, அவள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிஞ்சும் விட்டது. ஈரக்கட்டையை எடுத்துவிட்டோமே என்று பழனியாண்டி தன்னையே நொந்துகொண்டு, அடுத்த கட்டையை ஆறு மாதம் அடுப்புக்கு மேலே புகையில் காயவைத்தான். அது தைலமரம். அதுவும் தழைத்தது. மாயாண்டி வீட்டுச் சடங்கில் சாம்பார் தின்றவர்கள் நெஞ்சுச்சளி இளகியதாகச் சொன்னார்கள். ருசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு உளிக்கே மசியாத கிழட்டுத் தேயிலைத் தூரில் போட்டான். அது வாரம் தவறாமல் கொழுந்து விட்டது. “மலையிலயும் கொழுந்து, அடுப்படியிலயும் கொழுந்தா?” என்று அவள் கத்தியைக் கீழே போட்டாள். தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா லயத்துக்கே வந்து பார்த்து, தோட்டத்தில் முளைக்கிற தேயிலை தோட்டத்துக்குத்தான் சொந்தம் என்று கத்தியைக் கொண்டுபோய் ஸ்டோரில் பூட்டினார்.

அடுத்த தையில் பழனியாண்டியின் தங்கை நாகலெட்சுமிக்குக் கல்யாணம். இருநூறு இலை விழும். மஸ்கெலியாவிலிருந்து சமையலுக்கு வேறு ஆள் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றான் பழனியாண்டி, நல்ல எண்ணத்தில்தான். விரல் போனபோது அழாத சண்முகவடிவு அன்றைக்கு அழுதாள். மறுநாள் காலையில் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்.

“துளுக்காத கட்டையா தேடி அலைஞ்சீங்க. எப்படியும் துளுக்கத்தானே போகுது? துளுத்தா ஒதவுற கட்டையாப் பாருங்க.”

“அப்படி என்ன கட்ட இருக்கு?”

“கறிவேப்பில.”

லிந்துலைக் குளிரில் கறிவேப்பிலை பிடிக்காது. மாத்தளையிலிருந்து ரயிலேறி வருவதற்குள் பாதி கருகிவிடும். பழனியாண்டி ஒருநாள் லீவு கேட்டு மாத்தளைக்கே போய், காற்றில் சாய்ந்துபோன ஒரு முதிர்ந்த கறிவேப்பிலை மரத்தில் வைரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து வாங்கி வந்தான். வேறொரு கத்திக்கு இழைத்துப் போட்ட பிடி அவள் கையில் வந்து உட்கார்ந்தது. சரியாக மூன்றாம் நாள், கல்யாணத்துக்கு முதல் நாள், மணிக்கட்டோரம் பச்சை எட்டிப் பார்த்தது.

கல்யாணத்தன்று அவள் ஒரு கையால் வெங்காயம் அரிந்தாள், மறு கையால் பிடியிலிருந்து உருவி எண்ணெயில் போட்டாள். வாசனை ஏழு லயத்தையும் தாண்டிப் போயிற்று. கண்டாக்கையா ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். கறிவேப்பிலைக்குத் தோட்டத்தில் சட்டம் எதுவும் கிடையாது.

1939 வாக்கில் அந்தப் பிடி வருசத்துக்கு ஒருமுறை வெள்ளையாகப் பூத்தது. அந்த ஒரு வாரம் மட்டும் தேனீக்களுக்காக அவள் மெதுவாக அரிவாள். பக்கத்துக் காம்பரா காளியாயி தாளிக்க ஒரு கொத்து கேட்டு வந்தால், சண்முகவடிவு அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே அலகைப் பிடித்துக்கொண்டு பிடியை அவள் பக்கம் நீட்டுவாள்.

“அடியில உருவிக்கிட்டுப் போ மதினி, நாளைக்கு சின்னராசா வீட்டு வளைகாப்புக்கு வேணும்.”