மூத்தவளுக்கு முதல் கோப்பை

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே ஓட்டலில் வேலை பார்க்கும் ஓரகத்திகள் அவர்கள். இரண்டு இடத்துக்கும் மூத்தவளே முன்னால் வந்தாள். ஆயினும் இளையவள் கால்வைத்த நாள் முதல், வீட்டில் மாமியாரும் ஓட்டலில் மேலாளரும் அவள் புகழையே பாடினார்கள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. இப்போது ஒயின் பிரிவுக்குத் தலைமைப் பதவி. அதுவும் அவளுக்கா? தனக்குப் பின்னால் வந்தவளிடம் தான் கைகட்டி நிற்பதா?

பதவிக்காக மேலாளர் இருவருக்கும் வைத்த தேர்வு எளிது. துணி சுற்றிய புட்டியிலிருந்து ஊற்றியதை முகர்ந்து, சுவைத்து, எந்தத் திராட்சை என்றும் ஏன் என்றும் சொல்ல வேண்டும். இளையவளுக்கு மெர்லோ என்றால் உயிர். துவர்ப்பு அடங்கிய, வழவழப்பான, பிளம் பழ வாசம் வீசும் சிவப்பு ஒயின் அது. துவர்ப்பு மிகுந்த முரட்டுக் கேபர்னே ஒயினிலிருந்து ஒரே முகர்வில் பிரித்துவிடுவாள். அந்த மூக்கை அடைத்துவிட்டால்? கடுங்குளிரில் மெர்லோவின் வாசம் ஒடுங்கும், துவர்ப்பு தலைதூக்கும். கிடங்குச் சாவியோ மூத்தவளிடம். மேலாளர் தேர்வுக்குத் துணி சுற்றி வைத்திருந்த மெர்லோ புட்டியைப் பிரித்து, ஃப்ரீசரில் வைத்தெடுத்து, ஈரம் துடைத்து, மறுபடி துணி சுற்றி, அவளே மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"நீ முதல்ல பாரு," என்றாள், குரலில் தேன் வடிய.

"அதெப்படிம்மா?" என்றார் மேலாளர். "எதுக்கெடுத்தாலும் 'நான் மூத்தவ, எனக்குத்தான் முதல்ல'னு நிப்பீங்களே. இன்னைக்கு மட்டும் என்ன தாராளம்? எடுங்க."

கோப்பை சில்லிட்டது. குளிரைப் பற்றி வாய் திறந்தால் சாவி காட்டிக்கொடுக்கும். மனப்பாடத்தை ஒப்பித்தாள்: "மெர்லோ சார். பிளம் பழ வாசம் ஆளைத் தூக்குது."

இளையவள் தன் கோப்பையை முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. "எனக்கு ஒரு வாசமும் வரலையே. ஐஸ் மாதிரி இருக்கு. கொஞ்சம் பொறுங்க சார்." உள்ளங்கைகளால் கோப்பையைப் பொத்திக்கொண்டாள்.

மேலாளர் தன் கோப்பையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். மூத்தவளைப் பார்த்தார். "இல்லாத வாசம் உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

இடுப்புச் சாவி கனத்தது. அவள் கையால் அதை மறைத்தாள்.

"வந்துருச்சு," என்றாள் இளையவள். "மெர்லோதான் சார்." பிறகு கோப்பையை நீட்டினாள். "இப்ப மோந்து பாருங்கக்கா."

முகர்ந்தாள். கனிந்த பிளம், அதன் அடியில் மெல்லிய இனிப்பு. இத்தனை காலம் பிறருக்கு ஊற்றிக் கொடுத்தும் தான் நின்று அறியாத வாசம். மேலாளர் சாவிக்குக் கை நீட்டினார். அவிழ்த்துக் கொடுக்கும்போதும் அவள் மனம் ஒன்றிலேயே வெந்தது: மெர்லோகூட இளையவள் கைச் சூட்டுக்குத்தான் மனம் திறந்தது.