சமையலறைக் கதவு வழியாக வந்த முதலாளி

வெண்டல் கிராட்ஸுக்கு எழுபத்தொரு வயது. அதில் ஐம்பது வருஷம் நடிப்பு. நியூயார்க் மேடைகளில் பட்லர், நீதிபதி, தபால்காரர். படங்களில், "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்" என்று கையை விரிக்கிற டாக்டர். ரயிலில் யாராவது உற்றுப் பார்த்து, "நீங்க என் பல் டாக்டர்தானே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார் மனுஷன். வேறென்ன செய்வது, பேரைச் சொன்னால் மட்டும் தெரியவா போகிறது?

எட்டு மாதமாக நாற்பத்து நான்காம் தெரு அரங்கில், முதலாளிக்கு ட்ரே ஏந்தி வரும் பட்லர் வேஷம். கதாநாயகன் கார்வர் வராவிட்டால் அவருடைய முதலாளி வேஷத்தைப் போடவேண்டிய மாற்று ஆளும் வெண்டல்தான். ஆனால் கார்வர் கல்லுக்குண்டு மாதிரி ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தார். கடைசி நாள் கடைசிக் காட்சிக்கு அரை மணி முன்னால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"வெண்டல், இன்னிக்கு முதலாளி நீங்கதான்," என்றாள் டொலோரஸ், மேடையைக் கட்டி மேய்க்கிறவள். "உங்க பட்லர் வேஷத்துக்கு நம்ம ஃபெர்ரிஸ் போறான். பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி? ஐம்பது வருஷத்தில் கதாநாயகனாக இந்த ஒரு தடவைதான். நாளைக்கு மேடையையே பிரித்துவிடுவார்கள். மூன்றாவது வரிசையில் மனைவி இர்மா வேறு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி மாடிப்படியில் இறங்கி வரவேண்டும். வெண்டலின் கால் பழக்கதோஷத்தில் பட்லர் நுழைகிற சமையலறைக் கதவுக்குப் போனது. கை தானாக அங்கிருந்த உபரி ட்ரேயைத் தூக்கியது. மேடைக்குள் போனால், எதிரே இன்னொரு பட்லர், இன்னொரு ட்ரே.

இவன் யார்? அப்படியானால் நான் யார்? படியில் ஏன் ஆளைக் காணோம்? வெண்டல் ட்ரேயோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஃபெர்ரிஸ் கிட்டே வந்தான். "ஐயா, நீங்க எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்தீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்? குடுங்க."

கூட்டம் சிரித்தது. வெண்டலின் விரல்கள் ட்ரேயை விடவில்லை. அதுவும் போனால் தான் யாரென்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. ஃபெர்ரிஸ் வெடுக்கென்று பிடுங்கினான். அப்போது முதலாளியின் முதல் வசனம் வாயில் வந்து நின்றது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் எப்படிப் போனதென்று அவருக்கே தெரியாது. கூட்டத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் நிறையக் கேட்டது. எல்லோருக்கும் சளி போல என்று நினைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து வணங்கும்போது சின்ன வேஷக்காரர்கள் முதலில் வருவார்கள், கதாநாயகன் கடைசியில். வெண்டல் வழக்கம்போல முதல் ஆளாகப் போய்க் குனிந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். மற்றவர்களும் வந்து வணங்கி விலகினார்கள். நடு மேடை காலியாகக் கிடந்தது. வெண்டலும் மாடிப்படியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே நின்றார்.

"யாருக்குத் தட்டுறீங்க?" என்று கிசுகிசுத்தான் ஃபெர்ரிஸ்.

"முதலாளிக்குத்தான். இன்னும் வரலையேப்பா."

ஃபெர்ரிஸ் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான். இர்மா எழுந்து நின்று, கண்ணைக்கூடத் துடைக்காமல், அவரையே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அரங்கமே எழுந்து நின்றது.

வெண்டல் கைதட்டுவதை நிறுத்தினார்.