சந்தனம் பட்ட சீட்டு

மேடையில் கிருபாசங்கர் தான் உருவிப் பார்த்த சீட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் அதை அரைவட்டம் சுற்றி, தன் பக்கம் இருந்த முனையை அப்துல் குத்தூஸின் பக்கமாகத் திருப்பி வைத்தார். பதினோரு வருடமாக வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் நீட்டுகிற மனிதர். எதிரில் இருப்பவர் வாசிக்கத் தோதாகத் திருப்பித்தான் எந்தத் தாளையும் அவருக்குக் கொடுக்க வரும். சீட்டுக்கு ஏது மேலும் கீழும்? எப்படிப் பிடித்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பழகின கை அதையெல்லாம் யோசிக்கிறதா என்ன.

அந்த மரியாதையில் குத்தூஸின் வித்தை செத்துப்போனது. மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரில் அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது.

விஷயம் இதுதான். குத்தூஸ் கோயமுத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின்காரர். கடையில் வாங்கிய சீட்டுக்கட்டை அந்த மிஷினிலேயே வைத்து, ஒரு முனை மட்டும் ஒரு முடி அளவு குறுகலாக இருக்கும்படி சீவி வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத் தெரியும். ஒருவர் சீட்டை உருவிப் பார்க்கும் நேரத்தில் இவர் கையிலிருக்கும் கட்டைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொள்வார். சீட்டு திரும்பி வந்து சேரும்போது அதன் அகல முனை மட்டும் குறுகல் முனைகளுக்கு நடுவே துளி நீட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை தடவை குலுக்கினாலும் விரலில் தட்டும். இவர் கட்டைத் திருப்பினார், கிருபாசங்கர் சீட்டைத் திருப்பினார், கணக்கு நேராகிப் போய்விட்டது. ஐம்பத்திரண்டில் ஒன்றாக அது கரைந்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இன்றைக்கு அப்படி விட முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் இதே வித்தை தவறி, மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினார். பின் வரிசையில் விசில் அடித்தார்கள். அன்றிலிருந்து சீட்டை எடுத்தாலே விரல் தடுமாறியது. அச்சகத்தில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தாளை வெட்டுகிற கை, அங்கே தடுமாறியதே கிடையாது. வெட்டினால் வெட்டினதுதான், ஒரு நூல் பிசகினாலும் கட்டு மொத்தமும் கழிவுச் சாக்குக்குத்தான் போகும் என்பது அவருடைய தொழில். மனசும் அப்படியே பழகிவிட்டது. ஆகவே மனைவி உம்மல் குல்சுமிடம் அவரே வலியப் போய், இன்னும் ஒரு தடவை தவறினால் சீட்டுக்கட்டை உன் கையில் கொடுத்துவிடுவேன், நீ அடுப்பில் போட்டாலும் சரி, இனி தொட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு தடவை இன்றைக்கு வந்திருந்தது. கோபிசெட்டிபாளையத்துக்காரரான வெள்ளியங்கிரி கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய மனைவி ரங்கநாயகிக்கு ஜாக்கெட் தைப்பது உம்மல் குல்சும். அந்தப் பழக்கத்தில்தான் அவர்களுடைய மூன்று வயது மகள் வர்ஷினிக்குச் சொந்த ஊரில் வைத்த காதுகுத்துக்கு, பந்தி போடும்வரை கூட்டம் சலிக்காமல் இருக்க, குத்தூஸைக் கூப்பிட்டிருந்தார்கள். குல்சுமும் வந்திருந்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் கணவனை மேடையில் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

குத்தூஸ் கட்டை மறுபடியும் விரலால் வருடினார். ஒன்றும் தட்டவில்லை. வீடியோக்காரர் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். முதுகில் வேர்வை கோடாக இறங்கியது. பக்கத்தில் கிருபாசங்கர், தாய்மாமன் கடமை முடிந்த களைப்போடு, குழந்தையை மறுபடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையும், புதுத் தோடு போட்டுச் சிவந்த காதுகளுமாக வர்ஷினி அழுதுகொண்டே இருந்தாள். ஆசாரி காதைக் குத்தியதில் ஆரம்பித்த அழுகை, வாழைப்பழம் காட்டியும் நிற்கவில்லை, பலூன் காட்டியும் நிற்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று குத்தூஸ் வாயைத் திறந்தார். அப்போதுதான் கை வழுக்கியது. ஐம்பத்திரண்டு சீட்டும் பீய்ச்சியடித்த மாதிரி மேலே எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று புரண்டு மேடை முழுக்க இறைந்தன.

கூட்டம் எட்டிப் பார்த்தது. அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது. வர்ஷினி வாயைப் பிளந்தபடி சீட்டுகளையே பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்தாள். மாமன் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தரையில் குந்தி, ஒரு சீட்டைப் பொறுக்கிக் குத்தூஸிடம் நீட்டினாள். முன் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அது மெல்ல மெல்லப் பின்னால் பரவியது. குழந்தையின் அழுகையை நிறுத்தத்தான் இந்த ஆள் சீட்டை வீசினார் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

குத்தூஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் என்ன செய்யப்போனேன் என்பது இவர்களுக்குத் தெரியாதே, நானாகச் சொன்னால்தானே தெரியும் என்று நினைத்தார். இருபது வருடமாகச் சீட்டு பிடிக்கிறார், இது தோன்றியதே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"இந்தச் சீட்டு இல்லீங் அம்மணி. வேற பாருங்க."

குழந்தை இன்னொன்றை எடுத்துக்கொடுத்தாள். அதுவும் இல்லை என்றார். ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் அவர் உதட்டைப் பிதுக்க, அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படியே பந்திக்கு இலை போடும்வரை ஓட்டிவிட்டு நழுவிவிடலாம் என்பதற்கு மேல் அவரிடம் திட்டம் எதுவும் இல்லை. பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ, அவள் நீட்டியது கிளாவர் எட்டு. அதன் வெள்ளை ஓரத்தில், ஈரம்கூடக் காயாமல், வெளிர் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

அவர் கிருபாசங்கரின் கையைப் பார்த்தார். மருமகளின் மொட்டைத் தலையை விடிந்ததிலிருந்து தடவிக்கொடுத்த கை. நகக்கண் வரைக்கும் சந்தனம்.

குத்தூஸ் கூட்டத்துக்கு முதுகு தெரிய மண்டியிட்டார். சீட்டைக் கூட்டத்துக்குக் காட்டாமல் குழந்தையின் கையிலேயே திரும்ப வைத்து, அதை மாமனிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அவள் ஓடினாள். வாங்கிய கிருபாசங்கர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இதானுங்க. புள்ளையே எடுத்துப்போட்டாளுங்க."

கைதட்டலில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. வெள்ளியங்கிரி மகளை வாரித் தூக்கிக்கொண்டார். குத்தூஸ் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். குல்சும் கை தட்டவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு ஊர் கண்ணையும் ஏமாற்றிவிடலாம், தையல்காரியின் கண்ணை ஏமாற்ற முடியாது என்று அவருக்குப் பட்டது.

சாப்பிட்டு முடித்து, பட்டுப்பாவாடைக்காரி வர்ஷினியிடம் நான்கு தடவை டாட்டா வாங்கிக்கொண்டு, பிற்பகல் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். வாழைத்தோப்புகள் முடிந்து சத்தியமங்கலமும் தாண்டியது. பிறகு குத்தூஸ் சட்டைப்பையிலிருந்து கட்டை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார், அதை மறைக்க முடியவில்லை. ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே.

"தவறிப்போச்சு குல்சு. ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எனக்குந் தெரியுமுங்க. உங்க முதுகு நனைஞ்சதப் பாத்தேன்."

"அப்ப வெச்சுக்கோ."

அவள் கட்டைத் தொடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரங்கநாயகி இன்று போட்டிருந்த ஜாக்கெட்டைக் கவனித்தீர்களா என்று கேட்டாள். முதுகில் பட்டையாக ஜரிகை வைத்தது. அவர் கவனித்திருந்தார், அந்தப் பக்கம் எல்லாப் பெண்களுமே அதைத்தான் பார்த்தார்கள்.

"பின்கழுத்த ஒரு இஞ்சு கீழ வெட்டிப்போட்டனுங்க. ரெண்டு நாள் தூக்கமில்ல. அப்புறம் ஜரிகையக் கொண்டுபோயி அதுல வெச்சேன். இன்னைக்கி நாலு பேரு அதே மாதிரி வேணும்னு கேட்டுப்போட்டாங்க."

"அவங்ககிட்டச் சொன்னியா?"

"எதுக்குங்க சொல்லோணும்?"

குத்தூஸ் சிரித்தார். மேட்டுப்பாளையத்தில் மைக் முன்னால் நின்ற அந்த ஆளைப் பார்த்து முதல் தடவையாக அவருக்குப் பாவமாக இருந்தது.

குல்சும் சீட்டுகளைக் கையில் எடுத்தாள். அவள் அவற்றைத் தொடுவதே இதுதான் முதல் தடவை. சோளம் புடைக்கிற மாதிரி இரண்டு குலுக்குக் குலுக்கி, கோணல்மாணலாக விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணு எடுங்க."

அவர் ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பச் செருகினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் ஓரத்தைத் தடவித் தேட ஆரம்பித்தாள். புளியம்பட்டி சந்தைக்கு முன்னால் ஓர் எருமை குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். கட்டு மொத்தமும் அவள் மடியிலிருந்து பறந்து முன் இருக்கைகளுக்கு அடியில் போய்ச் சிதறியது.

பஸ் முழுக்கக் குனிந்தது. காய்கறிக் கூடைக்காரி, இரண்டு கல்லூரிப் பெண்கள், மடியில் சேவலை வைத்திருந்தவர், கண்டக்டர் என்று எல்லோரும் காலடியில் கிடந்ததைப் பொறுக்கினார்கள். சீட்டுகள் கை மாறிக் கை மாறிப் பின்னால் வந்துகொண்டே இருந்தன. எந்தச் சீட்டை எடுத்தோம் என்பது குத்தூஸுக்கு அடியோடு மறந்துவிட்டிருந்தது. குல்சும் அவர் தோளில் முகத்தை வைத்து, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சேவல்காரர் திரும்பி, சந்தன வாசனை அடித்த ஒரு சீட்டை எடுத்து, அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, அரைவட்டம் சுற்றி குத்தூஸின் பக்கமாகத் திருப்பி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.