ஊருக்கெல்லாம் அண்ணா

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த இருபத்தொன்பது வருஷத்தில் கனகவள்ளி தன் புருஷனைப் பற்றி இரண்டு சொற்களை வாயில் எடுத்ததில்லை. ஒன்று அவர் பெயர். சொன்னால் கட்டியவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டிப் "படிச்சுக்கோங்க" என்பாளே தவிர, மாரிக்கண்ணன் என்ற அந்தப் பெயர் அவள் நாக்கில் ஏறியது கிடையாது. இன்னொன்று அண்ணா. தாலி கட்டியவனை எவளாவது அண்ணா என்பாளா? அவளையும் மகளையும் தவிர இந்த மும்பையில் அவரைத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் சைக்கிள் கேரியரில் இட்லி அலுமினியப் பாத்திரத்தையும் ஹேண்டில்பாரில் சட்னி வாளியையும் கட்டிக்கொண்டு மாரிக்கண்ணன் செம்பூருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஸ்டேஷன் பக்கம் ஆபீசுக்கு ஓடுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், வங்கிக் காவலாளி என்று எல்லாருக்கும் அவர் அண்ணாதான்.

அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் வந்த கதியை என்னவென்று சொல்ல? நமக்குக் கூடப்பிறந்த மூத்தவன் அண்ணன். பஸ்ஸில் மேலே வந்து இடிக்கிறவனை "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பெண்பிள்ளைகள் தூர நிறுத்துவதும் அதே சொல்லை வைத்துத்தான். மராத்திக்காரர் வீடுகளில் மூத்தவரும் அண்ணா, சில வீடுகளில் பெற்ற அப்பாவே அண்ணா. கன்னடக்காரரும் தெலுங்கரும் அது எங்கள் சொல் என்பார்கள். ஹிந்திப் படங்களில் வேட்டி கட்டிக்கொண்டு ஆள் வைத்து அடிக்கிறவன் அண்ணா. மாரிக்கண்ணனின் மகள் கீதா வேலை பார்க்கும் நெருள் ஆபீசில் கோவாக்காரப் பெண் ஒருத்திக்குப் பெயரே அன்னா. எபிரேய மொழியில் கருணை என்று அர்த்தமாம். இத்தனையும் போக, தெற்கேயிருந்து வந்து சைக்கிளில் இட்லி விற்கிற எவனும் அண்ணா. அவனுக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்களே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. மரியாதையாகக் கூப்பிடுகிறோம் என்று நினைப்பு வேறு.

மாரிக்கண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. அவர் மூன்று அக்காமாருக்குக் கடைக்குட்டி. ஊரில் அவரை அண்ணன் என்று கூப்பிட ஒரு நாதி கிடையாது. இங்கே வந்துதான் தனக்குத் தம்பி தங்கைகள் கிடைத்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். கீதாவுக்குத்தான் அந்தச் சிரிப்பு ஒட்டாது. அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் அவள் 'கேட்டரிங் பிசினஸ்' என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை போனவர் வீடு திரும்பவில்லை. மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் என்றால் சில சமயம் அப்படியே தங்கிவிடுவார். போன் அணைந்து கிடந்தது. அதுவும் புதிதில்லை. செவ்வாய் விடிந்தும் ஆள் வராதபோதுதான் கனகவள்ளி பயந்துபோய் மகளை எழுப்பினாள். கீதா லீவு போட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் மிஸ்ஸிங் எழுதிக்கொடுத்துவிட்டு அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள்.

மூன்றாவது ஆஸ்பத்திரி கவுண்டருக்கு வரும்போது மணி பன்னிரண்டு. கீதா ஆதார் நகலை நீட்டினாள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர்தான். திங்கட்கிழமைப் பக்கத்தை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டி, மாரிக்கண்ணன் பேச்சிமுத்து என்று யாரும் இல்லை என்றார். கீதா போனிலிருந்த போட்டோவைக் காட்டினாள். நான் ஆளைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறேன் என்றார். வார்டுக்குள் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறோமே என்று கெஞ்சியதற்கு, பேஷண்ட் பெயர் இல்லாமல் பாஸ் கொடுக்க முடியாது என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வேறு பெயர் ஏதாவது உண்டா, வெளியே ஜனங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

கீதா அம்மா பக்கம் திரும்பினாள். "வேற பேரு இருக்கான்னு கேக்காரும்மா. வெளிய என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு."

கனகவள்ளிக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அதுவும் ஒரு பெயரா? இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு அண்ணா மேல்தான் விழ வேண்டும். சொன்னால் அந்த ஆள் சிரிப்பார். அதோடு பெற்ற மகளுக்கு முன்னால், கட்டியவரை அந்த முறை சொல்லி எப்படிக் கேட்பது?

"வேற பேரு ஒண்ணுமில்ல" என்றாள்.

கீதா அதை ஹிந்தியில் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். இருவரும் வெளியே வந்து அடுத்த ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள்.

புதன்கிழமை கீதா ரயில்வே போலீசிடம் போனாள். கனகவள்ளி தனியாகச் செம்பூருக்குப் போனாள். புருஷன் எந்த இடத்தில் சைக்கிளை நிறுத்துவார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டினாள். செல்போன் கவர் விற்கிற ஷாகுல் ஹமீது அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அவனும் தமிழாள்தான்.

"நம்ம அண்ணால்லா" என்றான். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அந்தக் கூட்டத்தில் போனை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். இவன்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். எந்த ஆஸ்பத்திரி என்று கனகவள்ளி கேட்டாள். அவன் சொன்னான். அது நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு அவள் நின்ற ஆஸ்பத்திரி.

"அங்க பேரு கேட்டாங்க. பன்னெண்டு வருஷமா அவரு கையால திங்கேன், பேரு தெரியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. அண்ணான்னே எழுதச் சொல்லிட்டேன்" என்றான் ஷாகுல் ஹமீது. அன்று சாயங்காலமே தாராவிக்குப் போய் இட்லி அண்ணா வீடு எது என்று விசாரித்தானாம். ஜனங்கள் நாலு வீட்டைக் காட்டினார்கள். அந்த நாலில் அவள் வீடு இல்லை.

கீதாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கனகவள்ளி அவனோடு ஆட்டோவில் போனாள். கவுண்டரில் அதே குமாஸ்தா. ஷாகுல் ஹமீதுதான் அண்ணா என்று சொன்னான். அவர் பக்கத்தைத் திருப்பியதும் முதல் பார்வையிலேயே கிடைத்துவிட்டது. அண்ணா, ஆண், வயது சுமார் ஐம்பத்தைந்து, விலாசம் இல்லை. பாஸ் இல்லாமலே மேலே போகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது மாடியில் ஸ்மிதா என்ற நர்ஸ் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். செவ்வாய் காலையில் கண் திறந்தாராம். அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாராம். வீடு எங்கே என்று கேட்டதற்கு வாய் கோணி, பேச்சு வரவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கனகவள்ளிக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் கீழே நின்று வேற பேரு இல்லை என்று சொன்ன பிறகும், இரண்டு மாடிக்கு மேலே அவர் நாலு மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கையையாவது பிடித்திருக்கலாம்.

பிணவறையில் அடையாளம் காட்டி வந்த பிறகு கான்ஸ்டபிள் வாக்குமூலம் எழுதினார். அண்ணா என்று பதிவான இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். புருஷன் என்றாள். சரியான பெயர்? "மாரிக்கண்ணன்" என்றாள். இனிக் குறைய என்ன ஆயுசு இருக்கிறது? கான்ஸ்டபிளுக்குக் காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னாள்.

கீதா வந்து பார்த்து அழுது முடித்திருந்தாள். மற்ற காகிதங்களுக்காக இருவரும் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். கனகவள்ளியின் நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. அதை மகளிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் ஆயுசுக்கும் அவள் முகத்தில் முழிக்க முடியாது. சொன்னால் மகள் தன் முகத்தில் முழிக்க மாட்டாள். எது நடந்தாலும் நடக்கட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நேத்து அந்த ஆளு கேக்கும்போதே எனக்குத் தெரியும். உங்கப்பாவ ஊரே அண்ணான்னுதான் கூப்பிடுதுன்னு. நான் எப்படி அதச் சொல்லுவேன்? வாயி வரலட்டி. சொல்லியிருந்தா உசுரோட பாத்திருப்போம். நாந்தான் பாவி."

மகள் திட்டுவாள் என்று காத்திருந்தாள். இரண்டு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எனக்கும் தெரியும்மா" என்றாள் கீதா. "பின்னால அத்தன பேரு நின்னாங்க. இட்லிவாலா அண்ணா, அதான் எங்கப்பான்னு அவங்க முன்னால சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீ சொல்லுவேன்னுதான் உன்னக் கேட்டேன்."