உறை இல்லாத குக்ரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் ஒரே ஒரு சொல்தான்: "தம்பிக்கு." சொன்னவள் பெயர் மன்சரி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என நினைத்து நோட்டைத் திறந்தேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முன்பக்கத்திலிருந்து தொடங்கிய பாடம் பாதியில் தவளையின் இதயத்தோடு நின்றுவிட்டது. நான் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். நடுவில் எங்காவது தவளையைச் சந்திப்பேன்.

முதல் தொடக்கம்:

"போஜ்பூர் மலைச்சரிவில் காலைப்பனி மெல்ல விலகியபோது மன்சரி—"

வேண்டாம். பனி தினமும்தான் விலகுகிறது. அதற்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது தொடக்கம்:

"மன்சரி வீட்டில் குக்ரி இல்லை."

இது நிற்கும். எங்கள் நேபாள மலையில் இதைச் சொன்னால் நெல் புடைத்துக்கொண்டிருப்பவள்கூட முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். வளைந்த கத்தி ஒன்று இடுப்பிலோ அடுப்படியிலோ இல்லாத வீட்டில் விறகு எப்படிப் பிளக்கிறார்கள், மூங்கில் எப்படிச் சீவுகிறார்கள், முள்ளங்கி எதால் நறுக்குகிறார்கள்?*

* குக்ரியை உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடக் கூடாதென்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்களாம். அப்படியென்றால் எங்கள் முள்ளங்கியெல்லாம் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கதையில் ரத்தம் வரும். காரணம் வேறு.

2

அப்பா செத்து நான்கு வருடம் ஆகிறது. அவர் இடுப்பில் இருந்த குக்ரி, சடங்கு முடிந்த மறுநாளே மேல்வீட்டுக்குப் போய்விட்டது. மேல்வீடு என்றால் பெரியப்பா வீடு. பத்து வயல்படி ஏறினால் வரும். "ஆம்பள இல்லாத வீட்டுல அது எதுக்கு? துருப் பிடிச்சுக் கெடக்கும்," என்றார் அவர்.

[இங்கே "கெட்ட மனிதர்" என்று எழுதி அடித்தேன். பிறகு "நல்ல மனிதர்" என்று எழுதி அதையும் அடித்தேன். எருமைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். பெரியப்பா என்றே இருக்கட்டும்.]

பிறகு அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தம்பி நிர்ஜன் தரான் நகரத்துப் பள்ளி விடுதியில் சேர்ந்தான். மன்சரிக்கு மிஞ்சியது எருமையும் அடுப்பின் மூன்று கற்களும். எருமைக்குப் புல் வேண்டும். பள்ளிக்கூடம் நின்றது.

தினமும் காலையில் அவள் மேல்வீட்டுக்கு ஏறுவாள். பெரியப்பாவின் மருமகள் ஜுனா அண்ணி, அப்பாவின் அதே குக்ரியை எடுத்து வந்து கொடுப்பாள். வெறும் கத்தியாக. உறை ஆணியிலேயே தொங்கும். உறையோடு போன கத்தி போன இடத்திலேயே தங்கிவிடும், வெறும் கத்தி என்றால் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பது பெரியப்பாவின் ஏற்பாடு.

"வந்துட்டியா? இன்னிக்கு என்னத்த வெட்டப் போற, இமயமலையவா?"

"வெறகுதான் அண்ணி."

"நேத்து வெட்டின வெறகு என்னாச்சு? தின்னுட்டியா?"

மன்சரி சிரிப்பாள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் நாலு வார்த்தை. மற்றபடி எருமையோடு பேசுவாள். எருமை கேலி செய்யாது.

இந்த வருடம் தசைன் பண்டிகைக்கு முன்னால் பெரியப்பா சொல்லிவிட்டார்: "பண்டிக முடிஞ்சதும் அந்த வீட்டப் பூட்டிரு. எருமைய இங்க கட்டு. நீயும் இங்கயே வந்து படு. கும்புடுறதுக்கு ஒரு கத்தி இல்லாதது என்ன வீடு?"

பண்டிகையின் ஒன்பதாம் நாள் ஒவ்வொரு வீட்டிலும் குக்ரியையும் அரிவாளையும் கழுவிப் பூப்போட்டுக் கும்பிட்டு, ஆடோ பூசணியோ வெட்டுவார்கள். நான்கு வருடமாக இவள் வீட்டுப் பூசணி மேல்வீட்டுக்குப் போய் அங்கேதான் வெட்டுப்பட்டது. பூட்டுகூட வாங்கியாகிவிட்டது. உறை தொங்கும் ஆணிக்கு அடுத்த ஆணியில் அது தொங்குகிறது.

அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறாள்: "அடுப்ப மட்டும் அணைய விட்டுறாதடி. எரியிற அடுப்புக்குத்தான் நான் திரும்பி வரணும்."

ஆகவே, ஒன்பதாம் நாளுக்குள் மன்சரிக்குச் சொந்தமாக ஒரு குக்ரி வேண்டும். இவ்வளவுதான் கதை. இனி அவளைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

3

சனிக்கிழமை. கூடையில் ஒரு சேவலைப் போட்டுச் சுமந்துகொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கமான்சிங்கின் கொல்லுப் பட்டறைக்கு மன்சரி போனாள். நேராக அவன் முன்னால் நின்று, "எனக்கு ஒரு குக்ரி வேணும். நானேதான் வெட்டப் போறேன்," என்று தலை நிமிர்ந்து—

பொய். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காதவள். நேராக நின்று பேசுகிறவளாக இருந்தால் இந்த நோட்டுக்கு வேலையே இல்லை.

3 (மறுபடியும்)

பட்டறை வாசலில் வெகுநேரம் நின்றாள். கூடைக்குள்ளிருந்து சேவல்தான் முதலில் பேசியது.

"யாரது? ஆள் வந்திருக்கா, சேவ மட்டும் வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து கமான்சிங் கேட்டான்.

அவன் மனைவி தில்கலா எட்டிப் பார்த்தாள். ஏழாம் வகுப்புவரை மன்சரியின் வகுப்பில் இருந்தவள். அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள், கொல்லர் வீட்டுப் பெண் என்பதால்; அவர்கள் தொட்ட தண்ணீரைக்கூட மற்ற வீடுகளில் தொட மாட்டார்கள். முன் பெஞ்சில் மன்சரியும் தனியாகத்தான் இருப்பாள். அது அவளாகவே தேடிக்கொண்டது.

"அட, நம்ம மேசைப் பூனை! வாத்தியாரு கேள்வி கேட்டா மேசைக்கு அடியில பூந்துக்குவா, தெரியுமா?" என்று புருஷனிடம் சொன்னாள். "என்னடி வேணும்? அரிவாளா?"

"குக்ரி."

"யாருக்கு?"

இங்கேதான் வந்தது.

"தம்பிக்கு."

கமான்சிங் சம்மட்டியைக் கீழே வைத்தான். "அவன் வரலியா? கத்திய அடுத்தவன் கையால எடுக்குறது, செருப்ப அடுத்தவன் காலால வாங்குற மாதிரி."

"அவன் கையும் என் கை மாதிரிதான் இருக்கும்."

"மூஞ்சியுமா? பாவம்டா அந்தப் பய," என்றான். தில்கலா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மூன்று குக்ரிகள் சாக்கின்மேல் வந்தன. ஒன்று புல்லிதழ் போல மெலிந்து, கண்ணாடியாக மின்னியது. மன்சரியின் கண் அதை விட்டு நகரவில்லை.

"அது பட்டாளத்துக்காரன் இடுப்புல தொங்குறதுக்கு. வெறகுல போட்டா அழுதுரும்," என்றாள் தில்கலா. இரண்டாவது வயிறு பெருத்தது. எருமைக் கழுத்துக்குச் செய்தது. தூக்கவே இரண்டு கை கேட்டது. மூன்றாவதில் சம்மட்டி அடித்த தழும்புகள் முதுகோரம் கறுப்பாக அப்படியே இருந்தன. எருமைக்கொம்புப் பிடி. அழகில்லை.

"நகத்தால சுண்டிக் கேளு," என்றான் கமான்சிங். முதலாவது நெடுநேரம் பாடியது. இரண்டாவது முனகியது. மூன்றாவது ஒரே ஒரு சொல் சொல்லி நிறுத்திக்கொண்டது.

[கத்திதான் அவளைத் தேர்ந்தெடுத்தது— என்று எழுதினேன். அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். மூன்றாவதன் பிடி அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது. பிடியின் நடுவளையம் இரண்டு விரல்களுக்கு நடுவே சரியாக உட்கார்ந்தது. அவ்வளவே. கூடவே, எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; சீக்கிரம் ஒன்றை எடுத்துவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது.]

"உறையில போட்டு உருவிப் பாத்துட்டு எடு," என்றாள் தில்கலா.

4

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று: உறையை முதுகுப் பக்கமாகப் பிடிக்க வேண்டும். விரல்கள் கூர்ப்பக்கம் சுற்றி வரக் கூடாது. உறை என்பது இரண்டு மரப்பலகையும் மேலே ஒரு தோலும்தான். உருவும்போது கத்தி பலகைகளின் இணைப்பைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம்.

மன்சரி இடக்கையால் உறையை வாழைத்தண்டைப் பிடிப்பது போல முழுசாகச் சுற்றிப் பிடித்தாள். வலக்கையால் இழுத்தாள்.

முதலில் தோல் கிழியும் சத்தம். பிறகு நான்கு விரல்களின் குறுக்கே ஒரே கோடு.

துருத்தி நின்றுவிட்டது. கமான்சிங் கத்தியை வாங்கித் தள்ளி வைத்தான். இது அவன் கேலி செய்யும் விஷயமே அல்ல. தில்கலாதான் கேட்டாள், மெதுவாக: "ஏண்டி, உங்க வீட்டுல யாரும்..."

"எங்க வீட்டுல உறை கிடையாது," என்றாள் மன்சரி. "நாலு வருசமா வெறுங்கத்திதான் கேட்டு வாங்குறேன்."

பிறகு: "தம்பிக்கு இல்ல. எனக்குத்தான்."

"அது தெரியும். தம்பிக்கு எடுக்கிறவ பிடிய இத்தன தடவ தடவிப் பாக்க மாட்டா," என்றாள் தில்கலா.

காய்ச்சிய கத்தியின் கூர் பதமாக நீர் ஊற்றும் கெண்டியை எடுத்து வந்தாள் தில்கலா. ஊற்றுவதற்கு முன் நிறுத்தினாள். "எங்க தண்ணி. உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னயும் சேத்து ஓடையில முக்கி எடுப்பாரு."

மன்சரி கையை நீட்டினாள். தில்கலா ஊற்றினாள். பழந்துணியைக் கிழித்து நாலு விரலையும் சேர்த்துக் கட்டினாள்.

"உறை பொளந்துருச்சு. காயம் ஆறினதும் கொண்டா, சரி பண்ணித் தரேன்." முடிச்சை இறுக்கிக்கொண்டே, "ஆறாட்டியும் வா," என்றாள்.

கத்தியின் விலையாகச் சேவல் அங்கே தங்கியது.

5

முடிவுகள்.

அ) ஒன்பதாம் நாள் காலையில் மன்சரி தன் குக்ரியைக் கழுவி, சாமந்தி வைத்து, தன் வாசலில் பூசணியை ஒரே வெட்டில் இரண்டாக்குகிறாள். பெரியப்பா வயல்படியில் நின்று பார்க்கிறார். பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். (பெரியப்பா வாங்கிய எதையும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.)

ஆ) உறையைச் சரி பண்ணக் கொண்டுபோகிறாள். தில்கலாவின் பட்டறையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேசுகிறாள். (இதுதான் எனக்குப் பிடித்தது. அதனாலேயே இதை நான் நம்பவில்லை.)

இ) பட்டறையிலிருந்து வீடு திரும்பும் வழியில், ஓடையைத் தாண்டும்போது அவளுக்கு ஒன்று உறைக்கிறது. நாளையிலிருந்து மேல்வீட்டுக்கு ஏற அவளுக்கு வேலையில்லை. "இமயமலையவா?" என்று கேட்க யாரும் இல்லை. கதையைத் தொடங்கும்போது இதை நான் யோசிக்கவே இல்லை. அவளும் யோசித்திருக்கவில்லை. இடுப்பில் குக்ரியோடு ஓடைக்கல்லில் உட்கார்ந்து...

இ-யை முடிவு என்று சொல்ல முடியாது. அது அப்படியே நடந்தது.

6

மறுநாள் காலை மன்சரி புதுக் குக்ரியைச் சோளக்கதிர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கட்டுப்போட்ட கையைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டாள். பத்து வயல்படியும் ஏறினாள்.

"வந்துட்டியா? நேத்து முழுக்க ஆளே காணோம். இமயமலைய வெட்டி முடிச்சுட்டியா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு அண்ணி."

அண்ணி கலகலவென்று சிரித்தாள். இவள் இப்படிப் பதில் சொன்னதே இல்லை. உள்ளே போய் அப்பாவின் குக்ரியை எடுத்து வந்து நீட்டினாள், வழக்கம் போல வெறும் கத்தியாக.

பெரியவர்களிடம் வாங்கும்போது வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட வேண்டும். சிறுவயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். மன்சரி யோசிப்பதற்கு முன்னால் சால்வைக்குள்ளிருந்து இடக்கை வெளியே வந்துவிட்டது.

நாலு விரலுக்கும் குறுக்கே ஒரே கட்டு.

அண்ணி அதைப் பார்த்தாள். அந்த இடத்தில் அந்தக் காயம் எதனால் வரும் என்று இந்த மலையில் தெரியாதவர்கள் கிடையாது. வெறும் கத்தி அப்படி வெட்டாது. உறை வேண்டும். உறை இங்கே ஆணியில் தொங்குகிறது, பூட்டுக்குப் பக்கத்தில்.

கொடுத்த கையும் வாங்கிய கையும் குக்ரியின்மேல் அப்படியே நிற்கின்றன.

இங்கே நிறுத்துகிறேன். அண்ணி, "அடிப்பாவி, வீட்டுல ஒண்ணு வச்சுக்கிட்டா இங்க வந்து நிக்கிற?" என்று கத்தலாம். பெரியப்பாவைக் கூப்பிடலாம். ஒன்றுமே கேட்காமல் கத்தியை விட்டுவிட்டு, நாளைக்கும் வா என்று சொல்லலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அண்ணியின் குரலில் ஒன்றுகூட இல்லை. தன்னிடம் இருக்கும் ஒன்றையே கேட்டு யாராவது உங்கள் வாசலில் வந்து நின்றிருந்தால், அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்களோ, அதை எழுதுங்கள். இரண்டு வரி விட்டிருக்கிறேன். அதற்குமேல் இடமில்லை, அடுத்த பக்கம் தவளையின் இதயம்.

வரிகள் வளைந்து போவதற்கு மன்னிக்கவும். இடக்கையால் பக்கத்தைப் பிடிக்க முடியவில்லை, நோட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கனமாக ஒன்றை மேலே வைத்து, அதன் வளைவை ஒட்டியே எழுதுகிறேன்.

அண்ணி சொன்னாள்: "