பொன்னம்மையின் முதல் பேச்சு

பயிற்சிப் பள்ளியில் சூடாமணிக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பாட்டும் களிமண்ணும்தான். குழந்தைகள் டீச்சரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று அவளும் நம்பியிருந்தாள். யுத்தம் தொடங்கிய வருஷம் ஆரியசாலைப் பள்ளிக்கூடத்துச் சிசு வகுப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே அந்த நினைப்பில் மண் விழுந்தது. ஒன்று அழுதால் பாக்கி எல்லாம் சேர்ந்து அழும். பாட்டை யார் கேட்டார்கள்?

அழாத ஒரே குழந்தை பொன்னம்மை, அரிசிக்கடை குற்றாலலிங்கம் பிள்ளையின் மகள். வீட்டில் வாய் ஓயாதாம். வகுப்பிலோ ஒரு வார்த்தை கிடையாது.

"மிண்டாத குட்டியை ஒண்ணாம் கிளாஸில் எங்ஙனே ஏத்தறது?" என்று பேசாத குழந்தையைப் பற்றித் தலைமை ஆசிரியை தன் மலையாளத் தமிழில் கேட்டுவிட்டாள். "வாயைத் திறக்க வைக்கணும் டீச்சரே."

சூடாமணி மாதக்கணக்கில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து களிமண்ணில் யானை செய்தாள், கிளி செய்தாள். மாசி மாதம் ஒரு நாள் பொன்னம்மை தானாக வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சூடாமணியின் ஸ்ரீவராகத்து அக்கிரகார வீட்டில் பள்ளிக்கூடத்துத் துணியோடு உள்ளே நுழையக் கூடாது, கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான். அன்றைக்கு அந்தத் தண்ணீர்கூட அவளுக்குக் குளிரவில்லை.

அடுத்த ஞாயிறு தாத்தாவின் திதி. சமையலுக்குக் கோவில் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்பது அம்மா சரஸ்வதியம்மாளின் பிடிவாதம். சூடாமணி குளித்து, யார் கையும் படக் கூடாத மடிப் புடவையில், குடத்தோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். அப்பாவோடு கோவிலுக்கு வந்த பொன்னம்மை அவர் கையை உதறிவிட்டு ஓடிவந்தது. இரண்டு கையையும் விரித்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்துகொண்டு வந்தது.

"தொடாதே, தள்ளிப் போ" என்றாள் சூடாமணி. யோசித்துச் சொன்னதல்ல. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு, அது பாட்டுக்கு வந்துவிட்டது. காலும் தானாகப் பின்வாங்கியது.

குழந்தை நின்றது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"பிள்ளைக்கு அறியாது டீச்சரே, நீங்க மடியாக்கும்" என்று குற்றாலலிங்கம் தாமே தப்புச் செய்தவர் மாதிரி மகளை இழுத்துக்கொண்டார்.

குடத்தைக் கீழே வைத்திருக்கலாம். இன்னொரு முழுக்குப் போட்டிருந்தால் தீர்ந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது.

திங்கட்கிழமை வகுப்பில் தரையில் உட்கார்ந்து, "வாடி கண்ணு" என்று கைகளை நீட்டினாள். பொன்னம்மை அசையவில்லை. உலகம்மை என்ற இன்னொரு குட்டி எழுந்து, டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொள்ள ஓடியது. பொன்னம்மை விருட்டென்று வந்து அதன் பாவாடையைப் பிடித்து இழுத்தது.

"தொடப்பிடாது. டீச்சரைத் தொடப்பிடாது."

கணீரென்ற குரல். வாசலில் நின்ற தலைமை ஆசிரியைக்கு முகம் மலர்ந்தது.

"மிண்டியல்லோ. நன்னாயி. இனி ஒண்ணாம் கிளாஸில் ஏத்தலாம்."

சூடாமணி நீட்டிய கைகளை மடக்கவில்லை. பாக்கிக் குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தள்ளி உட்கார்ந்தன.